நம்பிக்கையும் முடிவெடுப்பதும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கடவுளை நம்புகிறவன். எந்தச் சமயத்துக்கும் போதகன் இல்லை. வாழ்க்கையில் ஏதோ ஒரு திருப்பத்தில் நிற்கிறவர்கள், பெரும்பாலும் என்னைவிட இளையவர்கள், என்னிடம் வந்து கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. அவர்களுக்குச் சொன்ன பதில்களைச் சற்று விரித்து எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களோ நீங்கள் மதிக்கும் குருவோ இதற்கு மாறாகச் சொல்லியிருந்தால் இரண்டையும் சேர்த்து எடைபோட்டுப் பாருங்கள்.

கடவுளை நம்பினால் முடிவெடுப்பது சுலபமாகிவிடுமா?

ஆகாது. எந்த வேலையில் சேர்வது, யாரை மணப்பது, எந்தச் சிகிச்சைக்குச் சம்மதிப்பது என்பதெல்லாம் நாமே உட்கார்ந்து யோசிக்க வேண்டியவை. அந்த யோசனையைக் கடவுள் தலையில் கட்டிவிட்டு எழுந்துபோவது பக்தி என்று எனக்குத் தோன்றியதில்லை.

நம்பிக்கை எனக்குத் தந்தது வேறொன்று. நாளை என்ன ஆகும் என்று தெரியாமலே இன்று ஒரு முடிவை எடுக்கும் துணிவு. அது எப்படி முடிந்தாலும் ‘இது நான் எடுத்த முடிவு’ என்று ஏற்றுக்கொள்ளும் பலம். பொய் சொன்னால் காரியம் நடக்கும் என்ற நிலையிலும் சொல்லாமல் இருக்கிற பிடிவாதம். இந்த மூன்றும் இருக்கிற ஆள் நன்றாக யோசிக்கிறான். ஏனென்றால் அவன் பயந்துகொண்டு யோசிப்பதில்லை. கீழே உள்ள பதில்கள் எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் இதைத்தான் சொல்லும்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் நல்ல முடிவு எடுக்க முடியாதா?

தாராளமாக முடியும். நாத்திகர்கள் சிலரிடம் நான் கண்ட நேர்மையைக் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் என்று தவறாமல் போகிற பலரிடம் கண்டதில்லை. அவர்களுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிற சில உண்டு. பெயர்தான் வேறு.

நம்பாமல் இருந்து, கடைசியில் கடவுள் இருந்துவிட்டால்? அந்தப் பயத்தில் நம்புவது சரியா?

17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணித மேதை பிளேஸ் பாஸ்கல் இதை ஒரு பந்தயமாகவே எழுதிவைத்தார். கடவுள் இருக்கிறார் என்று பந்தயம் கட்டி ஜெயித்தால் எல்லையற்ற லாபம், தோற்றால் சொற்ப நஷ்டம், ஆகவே நம்பு என்பது அந்த வாதம். ஆனால் பாஸ்கலையே அந்தக் கணக்கு நம்பவைக்கவில்லை. 1662இல் அவர் இறந்த பிறகு, அவருடைய மேலங்கியின் உள்துணியில் ஒரு தாள் தைத்துவைக்கப்பட்டிருந்தது. 1654 நவம்பர் 23ஆம் தேதி இரவு தமக்கு நேர்ந்த இறையனுபவத்தை அதில் குறித்திருந்தார். யாரிடமும் காட்டாமல் உடம்போடு வைத்துக்கொண்டிருந்தார். நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடித்தளம் போட்டவரே கணக்குப் போட்டு நம்பவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். பயத்தில் பிறந்த நம்பிக்கை பயம் போனதும் போய்விடும். அதை வலிந்து வரவழைக்க வேண்டாம்.

எல்லாம் விதிப்படிதான் நடக்கும் என்றால் நாம் ஏன் யோசிக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு வயது 2,000 ஆண்டுகளுக்கும் மேல். பழைய கிரேக்கத்தில் இதற்குச் ‘சோம்பேறி வாதம்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். ‘பிழைப்பாய் என்று விதி இருந்தால் வைத்தியரைக் கூப்பிடாவிட்டாலும் பிழைப்பாய், இல்லையென்றால் கூப்பிட்டும் பயனில்லை, ஆகவே கூப்பிடாதே’ என்பது வாதம். விதியை முழுக்க நம்பிய ஸ்டோயிக் தத்துவவாதி கிரிசிப்பஸ் இதற்குக் கொடுத்த பதில் அழகானது. நீ பிழைப்பது விதி என்றால், வைத்தியரைக் கூப்பிடுவதும் அதே விதியின் பகுதியாகத்தான் இருக்கும். ஒன்றைப் பிய்த்தெடுத்துவிட்டு இன்னொன்று மட்டும் வரும் என்று எதிர்பார்க்காதே என்றார்.

விதியை நம்புகிறவர்களிடம் நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். அவர்கள் சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்க்கிறார்கள். விதியென்று உட்காருவது, செய்வதற்குப் பிடிக்காத காரியங்களில் மட்டும்தான். தள்ளிப்போட்ட பேச்சுவார்த்தை, போகாத மருத்துவப் பரிசோதனை, எழுதாத ராஜினாமா. அங்கே விதியின் பெயரால் பேசுவது பெரும்பாலும் தயக்கம்தான்.

கடவுளிடம் ஓர் அடையாளம் கேட்டுவிட்டு, அதன்படி முடிவெடுக்கலாமா?

நான் அப்படிச் செய்வதில்லை. காரணம் கடவுள்மீதுள்ள சந்தேகம் இல்லை, என்மீதுள்ள சந்தேகம். மனத்துக்குள் ஏற்கெனவே ஒரு விருப்பம் இருக்கும்போது, அதற்குச் சாதகமானதெல்லாம் அடையாளமாகத் தெரியும். எதிரானதெல்லாம் தற்செயலாகத் தெரியும். 1960இல் பீட்டர் வாசன் என்ற உளவியலாளர் ஓர் எளிய பரிசோதனை செய்தார். 2, 4, 6 என்ற மூன்று எண்கள் ஒரு விதிக்குக் கட்டுப்பட்டவை. நீங்களே வேறு எண்களைச் சொல்லிப் பார்த்து அந்த விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். பெரும்பாலோர் ‘இரண்டிரண்டாகக் கூடுகிறது’ என்று முதலில் நினைத்ததையே உறுதிசெய்கிற எண்களைச் சொல்லிச் சொல்லி ஏமாந்தார்கள். உண்மையான விதி ஏறுவரிசையில் மூன்று எண்கள், அவ்வளவுதான். தன் எண்ணம் தவறா என்று சோதிக்கும் எண்களை அவர்கள் போதுமான அளவு சொல்லிப் பார்க்கவில்லை.

மூன்று எண்களிலேயே இப்படி என்றால், காதலிலும் பணத்திலும் நம் கண் எப்படிப் பார்க்கும்? அடையாளம் கேட்டே ஆக வேண்டும் என்றால், ‘நான் விரும்புவது தவறு என்று எனக்குக் காட்டு’ என்று கேளுங்கள். அப்படிக் கேட்கத் தைரியம் வராவிட்டால், நீங்கள் முன்பே முடிவெடுத்துவிட்டீர்கள். அதை ஒப்புக்கொண்டு மேலே பேசலாம்.

பிரார்த்தனையால் பலன் உண்டா?

இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சன் என்ற மருத்துவரின் தலைமையில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2006இல் வெளிவந்தது. இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் இரு குழுக்களுக்கும் ‘உங்களுக்காகப் பிரார்த்திக்கலாம், பிரார்த்திக்காமலும் இருக்கலாம்’ என்று மட்டும் சொல்லப்பட்டது. ஒரு குழுவுக்காகப் பிரார்த்தித்தார்கள், மற்றதற்காகப் பிரார்த்திக்கவில்லை. சிக்கல்கள் வந்தவர்கள் முறையே 52, 51 சதவீதம். மூன்றாவது குழுவுக்கு ‘உங்களுக்காக நிச்சயம் பிரார்த்திக்கிறார்கள்’ என்று சொல்லிவிட்டுப் பிரார்த்தித்தார்கள். அவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது.

நம்பிக்கையாளர்கள் பலர் இந்த ஆய்வைப் பற்றிப் பேச விரும்புவதில்லை. நான் பேச விரும்புகிறேன். பிரார்த்தனையை மருந்துபோல அளந்து கொடுத்தால் மருந்துபோல வேலை செய்யும் என்ற எண்ணத்தை இது நன்றாகவே உடைத்துவிட்டது. உடைந்தது நல்லதுதான்.

என் தந்தை நோயுற்றிருந்தபோது வீடே பிரார்த்தித்தது. அவர் பிழைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் சற்று நேரம் ஒன்றாக உட்கார்ந்து பிரார்த்தித்ததால், பேசாமலிருந்த இரண்டு பேர் ஒரே அறையில் இருக்க நேர்ந்தது. ‘என்ன வேண்டும்?’ என்று அவரையே கேட்க வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வந்தது. இன்னும் ஊசியும் குழாயும் வேண்டாம் என்று அவர் சொன்னபோது, அதைக் கேட்டுச் சம்மதிக்கிற மனநிலையில் நாங்கள் இருந்தோம். இதைப் பலன் என்பீர்களா, தெரியாது. எனக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை.

நல்லவர்களுக்கு ஏன் துன்பம் வருகிறது?

என்னிடம் விடை இல்லை. 1755 நவம்பர் 1ஆம் தேதி, புனிதர் அனைவரின் திருநாளன்று, போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனில் பூகம்பம் வந்தபோது வழிபட வந்தவர்களால் தேவாலயங்கள் நிறைந்திருந்தன. அந்தக் கூரைகளே அவர்கள்மேல் விழுந்தன. ‘எல்லாம் நன்மைக்கே’ என்று சொல்லிவந்த ஐரோப்பியச் சிந்தனையை அந்த ஒரு காலை உலுக்கிவிட்டது. இதற்கு ஒரு சமாதானம் சொல்கிறவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம்கூட வரும்.

பைபிளில் வரும் யோபுவின் கதையில், எல்லாம் இழந்தவனைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். பிறகு காரணம் விளக்க ஆரம்பிக்கிறார்கள், எல்லாம் கெட்டுப்போகிறது. துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் அந்த முதல் ஏழு நாளைப் பின்பற்றினால் போதும்.

சந்தேகம் வருகிறது. என் நம்பிக்கை போய்விட்டதா?

அன்னை தெரசா தம் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள், அவர் மறைந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு 2007இல் வெளியாயின. கடவுள் இருப்பதையே உணர முடியாத இருளில் பல பத்தாண்டுகளைக் கழித்ததாக அவற்றில் எழுதியிருந்தார். அத்தனை ஆண்டுகளும் அவர் செய்துவந்த பணி நிற்கவில்லை. உணர்வு வற்றினாலும் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

சந்தேகம் வந்தால் மறைக்காதீர்கள். கேள்வி கேட்டதற்காக உங்களை ஒதுக்குகிற கூட்டத்தில் நீண்ட நாள் இருக்கவும் வேண்டாம்.

பெரிய முடிவு ஒன்றை எங்கிருந்து தொடங்குவது?

முதல் கேள்வி: இதைத் திரும்பப் பெற முடியுமா? முடியும் என்றால் அதிகம் யோசிக்காமல் சிறிய அளவில் செய்து பாருங்கள். யோசித்துத் தெரிந்துகொள்வதைவிடச் செய்து தெரிந்துகொள்வது அதிகம். திரும்பப் பெற முடியாதது என்றால் நிதானம் வேண்டும்.

அந்த நிதானத்துக்கு நான் நம்புகிற வழி ஒன்று 1772இல் எழுதப்பட்ட ஒரு கடிதத்தில் இருக்கிறது. விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி, ஒரு பிரபுவிடம் நூலகராகச் சேரலாமா என்று பெஞ்சமின் பிராங்க்ளினிடம் கேட்டார். ‘என்ன முடிவெடுப்பது என்று சொல்ல எனக்கு விவரம் போதாது, எப்படி எடுப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன்’ என்ற தொனியில் பிராங்க்ளின் பதில் எழுதினார். ஒரு தாளின் நடுவே கோடு கிழி. ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம். மூன்று நான்கு நாள் தோன்றத் தோன்ற எழுது. பிறகு இரு பக்கமும் சம எடையுள்ளவற்றை ஒன்றுக்கொன்று அடித்துவிட்டு, மிஞ்சியதைப் பார். பிரீஸ்ட்லி அந்த வேலையில் சேர்ந்தார். அங்கிருக்கும்போதுதான், 1774இல், ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தார்.

கோடு கிழிப்பது எல்லோருக்கும் தெரியும். ‘மூன்று நான்கு நாள்’ என்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். திங்கட்கிழமைக் கோபத்தில் எழுதிய பாதகம் வியாழக்கிழமை பாதியாகத் தேய்ந்திருக்கும். ஒரே மூச்சில் எழுதிய பட்டியல் அன்றைய மனநிலையின் படம் மட்டுமே.

இன்னொரு வழி, கத்தோலிக்கத் துறவிகளின் அமைப்பான இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லயோலா 16ஆம் நூற்றாண்டில் சொன்னது. முன்பின் தெரியாத ஒருவர் இதே நிலையில் உங்களிடம் வந்தால் அவருக்கு என்ன சொல்வீர்கள்? அதையே நீங்கள் செய்யுங்கள். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் 2014இல் இகோர் கிராஸ்மன், ஈத்தன் கிராஸ் என்ற இரு உளவியலாளர்கள் சோதித்தபோது, மனிதர்கள் தங்கள் சிக்கலைவிட நண்பரின் சிக்கலில் கூடுதல் விவேகத்தோடு யோசிப்பதும், தன் சிக்கலையே சற்று விலகி நின்று பார்த்தால் அந்த வேறுபாடு மறைந்துவிடுவதும் தெரியவந்தது. நான் என் பெயரைச் சொல்லி, படர்க்கையில் என் சிக்கலை எழுதிப் பார்ப்பதுண்டு. எழுதிய பாதியிலேயே விடை தெரிந்துவிடும், அது பிடிக்காத விடையாக இருந்தாலும்.

சோர்ந்திருக்கும்போது முடிவெடுக்கலாமா?

கூடாது. இதுவும் லயோலாவின் விதிதான்: மனம் இருண்டிருக்கும்போது, தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே. இதற்கு ஒரே விதிவிலக்கு, உங்கள் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருக்கிற இடம். அங்கே காத்திருக்காமல் வெளியேறுங்கள், பிறகு யோசிக்கலாம்.

மனம் சொல்வதைக் கேட்பதா, அறிவு சொல்வதைக் கேட்பதா?

எந்த விஷயத்தில் என்பதைப் பொறுத்தது. உள்ளுணர்வை நம்பாத டேனியல் கானமன், அதை நம்பிய கேரி கிளைன் என்ற இரு உளவியலாளர்கள் சேர்ந்து 2009இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சண்டை போடுவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் பெரும்பாலும் ஒத்துப்போனார்கள். ஒழுங்கு மாறாத ஒரு துறையில், தவறியதும் தவறு என்று தெரிந்துவிடும்படி நெடுங்காலம் பழகியவரின் உள்ளுணர்வை நம்பலாம். அனுபவமுள்ள செவிலியருக்கும் தீயணைப்பு வீரருக்கும் அது இருக்கிறது. திருமணத்திலும் தொழில் மாற்றத்திலும் நமக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? அங்கே ‘மனம் சொல்கிறது’ என்பது பல சமயம் ஆசையோ பயமோதான்.

ஆனால் உறுத்தல் என்று ஒன்று உண்டு, அது வேறு. செய்யப்போவதை நம் மதிப்புக்குரிய ஒருவரிடம் முழுதாகச் சொல்ல நா கூசுகிறது என்றால், அதற்குப் பட்டியலே வேண்டாம். அதைச் செய்யாதீர்கள்.

யாரிடம் ஆலோசனை கேட்பது?

முடிவால் லாபமோ நஷ்டமோ அடையாதவரிடம். உங்களுக்குக் கோபம் வரும்படி ஒருமுறையாவது உண்மை சொன்னவரிடம். எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே போகிறவர் ஆலோசனை தேடவில்லை, பிடித்த பதிலைத் தேடுகிறார்.

இத்தனை வருடம் கொட்டிவிட்டேன், இப்போது எப்படி விடுவது?

ஒருமுறை முழு விலைக்கும், சிலருக்குத் தள்ளுபடியிலும் நாடக அரங்கின் பருவச் சீட்டுகளை, அதாவது ஒரு பருவம் முழுவதும் நடக்கும் நாடகங்களுக்கான சீட்டுகளை, விற்றார்கள். யார் எத்தனை நாடகத்துக்கு வருகிறார்கள் என்று எண்ணினார்கள். பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிகம் வந்தார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான். போன பணம் அவர்களை இழுத்துவந்தது. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இருவர் 1985இல் இதை வெளியிட்டார்கள்.

பணத்துக்கே இப்படி என்றால், பத்து வருடப் படிப்பும் உறவும் எப்படி இழுக்கும் என்று பாருங்கள். நான் கேட்கச் சொல்கிற கேள்வி இதுதான்: இன்று காலை முதல்முறையாக இது உங்கள் முன் வந்தால், இதைத் தேர்ந்தெடுப்பீர்களா? இல்லை என்றால், போன வருடங்களைக் காப்பாற்ற வருகிற வருடங்களைக் கொடுக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொடுத்த வாக்கு செலவுக் கணக்கில் வராது. குழந்தை, வயதான பெற்றோர், நீங்கள் கடன்பட்டிருப்பவர் ஆகியோரை இந்தக் கேள்வியால் கழற்றிவிட முடியாது.

இருப்பதிலேயே சிறந்ததைத்தானே தேட வேண்டும்?

2006இல் வெளியான ஓர் ஆய்வு, படிப்பு முடித்து வேலை தேடிய மாணவர்களைப் பின்தொடர்ந்தது. எதிலும் மிகச் சிறந்ததையே தேடும் இயல்புள்ளவர்களுக்கு, ‘போதுமானது கிடைத்தால் சரி’ என்று இருந்தவர்களைவிட 20 சதவீதம் அதிகச் சம்பளம் கிடைத்தது. ஆனால் அவர்களுக்குத் திருப்தி குறைவு. பதற்றமும் ஏமாற்றமும் அதிகம். கிடைத்ததைப் பார்க்காமல் கிடைக்காததைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எது போதும் என்று தேடத் தொடங்குமுன்னே எழுதிவையுங்கள். நம்பிக்கை இங்கே பெரிதாக உதவும்: என் மதிப்பு இந்த வேலையிலோ வீட்டிலோ இல்லை என்று உள்ளூரத் தெரிந்தவருக்குப் ‘போதும்’ என்று சொல்வது கடினமாக இருக்காது.

நன்றாக யோசித்து எடுத்த முடிவும் தோற்றுவிட்டதே?

தோற்றதாலேயே அது தவறான முடிவு ஆகாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டி வீடு வந்து சேர்ந்தவன் சரியான முடிவு எடுத்தவனா? அன்று உங்களுக்குத் தெரிந்தது என்ன, தெரிந்துகொண்டிருக்க முடிந்தது என்ன என்பதைக் கொண்டு மட்டுமே உங்களை மதிப்பிடுங்கள். அதில் குறை இருந்தால் திருத்துங்கள், யாரையாவது காயப்படுத்தியிருந்தால் நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள். குறை இல்லையென்றால் துக்கப்படலாம், குற்றவுணர்வு வேண்டாம். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். துக்கம் காலத்தோடு தணியும். வேண்டாத குற்றவுணர்வு அடுத்த முடிவையும் எடுக்கவிடாது.

முடிவெடுத்த பிறகும் மனம் அலைபாய்கிறது. என்ன செய்வது?

ஏன் இந்த முடிவை எடுத்தீர்கள் என்று முடிவெடுத்த அன்றே எழுதி, தேதி போட்டு வையுங்கள். அதன் கீழே இன்னொரு தேதியையும் எழுதுங்கள், ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து. அந்தத் தேதி வரைக்கும் முடிவைத் திறந்து பார்ப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படை மாறிப்போகிற செய்தி வந்தால் மட்டும் முன்கூட்டியே திறக்கலாம். நடுவில் மனம் கேட்டால் ‘அந்தத் தேதியில் பேசலாம்’ என்று சொல்லிவிட்டு, எடுத்த முடிவுக்கு உங்கள் முழு உழைப்பையும் கொடுங்கள். அரை மனதோடு செய்து தோற்றால், தோற்றது முடிவா முயற்சியா என்று கடைசிவரை தெரியாது. நம்புகிறவராக இருந்தால், எழுதிய தாளை மடித்த பிறகு ஒருமுறை பிரார்த்தித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.